கன்னத்தில் ஒரு கீறல்

மழைக்காலம் தொடங்கி மூன்றாவது ஞாயிறு. பிற்பகல் மூன்று மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. படுக்கையறைக் கூரையின் கசிவிலிருந்து ஒரு சொட்டு புறப்பட்டு, கட்டிலின்மேல் வைத்திருந்த நீல வாளியில் விழுந்தது. அதே நொடியில், கூடத்து மேசைமுன் அமர்ந்திருந்த வீட்டுத் தலைவர் தம் வாழ்நாளின் மிகப் பெரிய கண்டுபிடிப்பைச் செய்தார். இரண்டில் எது அந்த வீட்டுக்கு அதிகச் சேதம் விளைவிக்கும் என்பது அப்போது ஒருவருக்கும் தெரியாது.

அவர் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர். பிறர் எழுதியதைப் படித்துப் பிழை திருத்துவதே முப்பது ஆண்டுகளாக அவர் தொழில். ஒற்றெழுத்தின் தலையில் புள்ளி விழாமல் போனால் அவருக்கு அன்றிரவு உறக்கம் விழாது. ஆகவே அச்சகத்தில் அவருக்குப் 'புள்ளியார்' என்று பெயர். அதைக் கேலி என்று எவரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

அவர் மனைவிக்குத் தெருமுனை ஸ்டுடியோவில் வேலை. படங்களைப் பெரிதாக்குவது, பழுதானவற்றைச் சீர்செய்வது, பரு உள்ள முகத்தைப் பரு இல்லாத முகமாக்குவது. கணவர் தாளில் திருத்தினார். மனைவி முகத்தில் திருத்தினார். அந்தக் குடும்பத்தில் திருத்தப்படாமல் எஞ்சியது கூரை ஒன்றுதான்.

கூரை திருந்தாமைக்குக் காரணம் ஒரு பெண்.

நூறாண்டுப் பழைமையான வெள்ளிக் காசு ஒன்று. அதன் ஒரு பக்கத்தில் உயரக் கொண்டை போட்ட ஒருத்தியின் பக்கவாட்டு முகம். காசு சேர்ப்பவர்கள் அவளைக் 'கொண்டைக்காரி' என்பார்கள். புள்ளியாரின் காசுத் தொகுப்பேட்டில் எல்லா அறைகளும் நிறைந்து, அவளுக்குரிய ஓர் அறை மட்டும் மூன்று ஆண்டுகளாகக் காலியாக இருந்தது. உடைந்த பல்லை நாக்கு தேடுவதுபோல அவர் விரல் அந்த அறையைத் தேடிக்கொண்டே இருந்தது.

காசு கைமாறக் கைமாற முதலில் தேய்வது கொண்டை. அடுத்தது புருவம். பிறகு கன்னம். கொண்டையின் மயிரிழைகளை எண்ண முடிந்தால் அந்தக் காசு புழங்காதது. கன்னத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தால் விலை பாதி. இவ்வளவும் புள்ளியாருக்குத் தெரியும். இணையத்தில் ஏலம் விடுபவர்களுக்கு இவருக்குத் தெரியும் என்பதும் தெரியும்.

அதனால்தான் முதல் கொண்டைக்காரி படத்தில் நிலவுபோல் மின்னினாள். முதல் மழைக்காலத்துக் கூரைப் பணம் அவளுக்குப் போயிற்று. வந்தபின் பார்த்தால், யாரோ அவளை அமிலத்தில் குளிப்பாட்டித் தேய்தேய் என்று தேய்த்திருந்தார்கள்.

"நம்ம வீட்டுக் குக்கரைவிட நல்லாத் துலக்கியிருக்காங்களே," என்றார் மனைவி.

"துலக்கினா மதிப்புப் போச்சு. பழைய காசுக்கு அழுக்குதான் அழகு."

"அப்போ உங்க சட்டைக் காலரை நான் இனிமே துவைக்கல."

இரண்டாம் மழைக்காலத்துப் பணம் இரண்டாமவளுக்குப் போயிற்று. அவளுடைய படங்கள் எல்லாவற்றிலும் விற்பவரின் கட்டைவிரல் காசின் விளிம்பில் ஒரே இடத்தில் இருந்தது. நிதானமான கை என்று புள்ளியார் அதைப் பாராட்டினார். காசு வந்தது, கட்டைவிரல் வரவில்லை. அந்த இடத்தில், எவரோ வளையம் பற்றவைத்துக் கழுத்தில் கோத்திருந்ததன் தழும்பு பட்டாணி அளவில் புடைத்திருந்தது.

"அந்த ஆள் காசை விக்கல," என்றார் மனைவி. "கட்டைவிரலைக் காட்டி உங்களைத்தான் வித்திருக்காரு."

அன்று புள்ளியார் ஒரு சபதம் செய்தார். இனித் திரையில் பார்த்துக் காசு வாங்குவதில்லை. அவருடைய கைபேசித் திரை குளியலறையில் விழுந்து மூலைக்கு மூலை விரிசல் கண்டிருந்தது. அதில் எந்தக் கொண்டைக்காரியைப் பார்த்தாலும் இரண்டு மூக்கு.

"தாள்ல வராத வரைக்கும் எதுவும் உண்மை இல்ல. திரை பொய் சொல்லும், தாள் பொய் சொல்லாது. நான் அனுப்புற படத்தை உங்க ஸ்டுடியோவுல பெருசாப் பிரிண்ட் போட்டுக் கொண்டா."

"முதலாளி கணக்குக் கேட்பாரு. ரசீது போட்டுத்தான் தருவேன்."

"போடு. நான் என்ன ஓசியிலயா கேட்டேன்?"

அதிலிருந்து ஓர் ஆண்டில் பதினொரு கொண்டைக்காரிகள் ஏலத்துக்கு வந்தார்கள். பதினொரு முறையும் மனைவி பெரிதாக்கிய படமும் ரசீதும் கொண்டுவந்தார். பதினொரு முறையும் புள்ளியார் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து, கொண்டையைக் கடந்து, புருவத்தைக் கடந்து, கன்னத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார். கன்னத்தின் நடுவே, பிறைபோல் வளைந்த மெல்லிய கீறல்.

"தப்பிச்சேன்," என்பார்.

"நல்ல வேளை," என்பார் மனைவி.

ரசீதுக்குரிய இருநூறைப் புள்ளியார் அன்றன்றே கொடுத்துவிடுவார். ரசீதுகளைத் தேதி வாரியாக ஒரு கோப்பில் கோத்தும் வைப்பார். ஒழுங்கான மனிதர்.

இப்போது வங்கியில் மூன்றாம் மழைக்காலத்துக் கூரைப் பணம் நாற்பதாயிரம் இருந்தது. கொத்தனார் முப்பத்தெட்டாயிரம் கேட்டிருந்தார். அன்று மாலை ஏழு மணிக்கு வந்து முன்பணம் வாங்கிக்கொள்வதாகவும், இல்லையென்றால் வேறு வேலைக்குப் போய்விடுவதாகவும், பிறகு மழை விட்டபின்தான் வருவதாகவும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இந்த நிலையில்தான் புள்ளியார் பழைய படங்கள் பதினொன்றையும் மேசையில் வரிசையாகப் பரப்பினார், அளவுகோலை எடுத்தார், கண்டுபிடித்தார்.

"இங்க வாயேன்."

"வாளி நிரம்பிடுச்சு. கொட்டிட்டு வர்றேன்."

"வாளி எங்கயும் ஓடிப் போகாது."

"அது ஓடாது. தண்ணி ஓடும்."

மனைவி வாளியோடே வந்து நின்றார்.

"இதைப் பாரு. என்ன தெரியுது?"

"பதினோரு கொண்டைக்காரி."

"கன்னத்தைப் பாரு."

"கீறல். நீங்கதானே வேண்டாம்னீங்க, பதினோரு தடவை."

"பதினொண்ணும் ஒரே கீறல். அதே இடம், அதே வளைவு, அதே நீளம். அளந்துட்டேன்."

வாளியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் தரையில் சிந்தியது.

"அது தற்செயலா இருக்கும்," என்றார் மனைவி.

"தற்செயல்னா ரெண்டு. மூணுகூட இருக்கட்டும். பதினோரு பேர் பதினோரு ஊர்ல இருந்து விக்கிறான். எல்லாவனும் சொல்லிவெச்சு ஒரே இடத்துலயா கீறுவான்? நான் முப்பது வருஷம் அச்சுல கிடக்கிறவன். ஒரு பிரதியில ஒரு எழுத்து உடைஞ்சிருந்தா தாள்ல கோளாறு. எல்லாப் பிரதியிலயும் அதே எழுத்து அதே மாதிரி உடைஞ்சிருந்தா?"

"உடைஞ்சிருந்தா?"

"அச்சுல கோளாறு. காசு அடிச்ச அச்சுலயே கீறல் இருந்திருக்கு. இது சேதம் இல்ல. பிறவி மச்சம்."

"அப்போ விலை குறையாதா?"

"குறையுமா? அச்சுப்பிழை உள்ள காசுன்னா சேகரிக்கிறவன் சொத்தை எழுதி வெப்பான். பத்து மடங்கு போகும். இது வரைக்கும் ஒருத்தன் கண்ணுலயும் படல. என் கண்ணுல பட்டிருக்கு."

மனைவி வாளியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் அமர்ந்தார். புள்ளியார் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டார்.

"இன்னிக்கு ஒருத்தி ஏலத்துல இருக்கா," என்று தொடர்ந்தார். "பன்னிரண்டாவது. யாரோ பழைய வீட்டைக் காலி பண்றாங்க. அருமை தெரியாம போட்டிருக்காங்க. ஆறு மணிக்கு முடியுது. இப்போ ஆறாயிரத்துல நிக்குது. ஆனா எனக்குத் தெரிஞ்சது இன்னொருத்தனுக்கும் தெரிஞ்சிருந்தா விடமாட்டான். நான் நாற்பதாயிரமும் போடப் போறேன்."

"கூரை?"

"கூரை எங்க போகும்?"

"கீழ வரும்."

"ஒரு மழைக்காலம் பொறுத்துக்க."

"இதையே ரெண்டு மழைக்காலமாச் சொல்றீங்க. கட்டில் மேல வாளி படுத்திருக்கு, நம்ம ரெண்டு பேரும் ஓரமா ஒண்டிக்கிறோம். கொத்தனார் இன்னிக்கு விட்டா மழை முடிஞ்சுதான் வருவாரு."

"மழை முடிஞ்சா கசிவு தானா நின்னுடுமே."

மனைவி மேசைப் பக்கம் குனிந்தார். பதினொரு கன்னங்களையும் ஒருமுறை பார்த்தார். அவர் குரல் பிறகு மிகவும் பணிவாக வந்தது. புள்ளியார் கவனித்திருக்க வேண்டிய பணிவு அது.

"பிரிண்ட் பார்க்காமயே போடப் போறீங்களா?"

"நானா? புரூஃப் பார்க்காம ஒரு கமாவை விட்டதில்ல நான். படத்தை உனக்கு அனுப்பிட்டேன். போய் எடுத்துட்டு வா."

"கீறல் இருந்தா போடுவீங்க."

"நாற்பதாயிரம்."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா அது வெறும் காசு. அதை வாங்கி நான் என்ன பண்ண?"

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"அச்சான பக்கத்தை நான் திரும்பத் திருத்தினது உண்டா?"

மனைவி குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். ஞாயிறுகளில் ஸ்டுடியோவின் சாவி அவரிடம்தான் இருக்கும். வழக்கமாக ஒரு படம் கொண்டுவர அவருக்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. அன்று கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டார்.

"சீக்கிரம் வந்துட்டியே."

"இன்னிக்கு வேலை குறைவு," என்றார் மனைவி. உறையிலிருந்து படத்தை எடுத்து, ரசீதை அதன் பக்கத்தில் வைத்தார். புள்ளியார் ரசீதைக் கோப்பின்மேல் தள்ளிவிட்டு உருப்பெருக்கியை எடுத்தார்.

நல்ல படம். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்திருந்தது. இருபுறமும் காட்டியிருந்தார்கள், விளிம்பையும் காட்டியிருந்தார்கள், எங்கும் விரல் இல்லை. வெள்ளி, தேய்த்த வெள்ளியாக இல்லாமல் நூறாண்டு தூங்கிய வெள்ளியாக மங்கி இருந்தது. கொண்டையின் மயிரிழைகளை எண்ணலாம். புருவம் முழுமையாக இருந்தது. கன்னத்தில் ஈ உட்கார்ந்தாலும் வழுக்கும். மூன்று ஆண்டுகளாக அவர் தேடிய முகம் அதுதான். ஒரு நாள் முன்பு பார்த்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார்.

"கீறல் இல்ல," என்றார் புள்ளியார். குரல் இழவு வீட்டுக் குரலாக இருந்தது.

மனைவி உடனே மகிழ்ந்துவிடவில்லை. படத்தைத் தம் பக்கம் திருப்பிப் பார்த்தார். அவரும் இருபத்திரண்டு ஆண்டுகளாக முகம் பார்ப்பவர். நல்ல முகத்தைப் பார்த்தால் அவருக்கும் தெரியும்.

"கன்னம் எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க."

"அதான் குறை."

"கொண்டையில ஒவ்வொரு முடியா எண்ணலாம் போல."

"எண்ணி?"

"ஆறாயிரம்தானே. மூணு வருஷமா இவளைத்தானே தேடுனீங்க? வாங்கிடுங்க. கொத்தனாருக்கு நாலாயிரம் குறையும். நான் என் சம்பளத்துல போட்டுக்கிறேன்."

புள்ளியார் உருப்பெருக்கியைக் கழற்றி மனைவியைப் பார்த்தார். விவரம் அறியாதவர்மீது விவரம் அறிந்தவர்கள் காட்டும் இரக்கம் அந்தப் பார்வையில் இருந்தது.

"உனக்குக் காசைப் பத்தி என்ன தெரியும்? கீறல் இல்லாதவளை எவன் சீந்துவான்?"

"நிஜமாத்தான் சொல்றேன். இந்த ஒண்ணை வாங்குங்க."

"மாட்டேன்."

"அப்புறம் சொல்லலேன்னு சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"சரி. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்," என்று மனைவி எழுந்து, நிரம்பிய வாளியைக் கொட்டிப் பழைய இடத்தில் வைக்கப் போனார்.

ஆறு மணிக்கு ஏலம் முடிந்தது. பன்னிரண்டாமவள் ஆறாயிரத்து இருநூறுக்கு யாரோ ஒருவர் வீட்டுக்குப் போனாள். புள்ளியார் அதைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய துக்கம் மற்றப் பதினொரு பேரைப் பற்றியது.

"பதினொண்ணும் என் மேசைக்கு வந்துச்சு. பதினொண்ணையும் நானே வேண்டாம்னு தள்ளினேன்."

"போனதைப் பேசி என்ன பண்றது?"

"இனிமே கீறலோட ஒருத்தி வர எத்தனை வருஷம் ஆகுமோ."

"ஆகும். நிறைய ஆகும்," என்று மனைவி ஆறுதலாகச் சொன்னார். "அது வரைக்கும் பணம் வங்கியில சும்மாத்தானே தூங்கும்?"

வாசல் மணி அடித்தது. கொத்தனார் நேரம் தவறாதவர்.

"என்ன சார், இந்த வருஷமாவது உண்டா?" என்றார் அவர், செருப்பைக் கழற்றாமலே. இரண்டு ஆண்டு அனுபவத்தில் செருப்பைக் கழற்றுவது வீண் வேலை என்று அறிந்திருந்தார்.

"உண்டு," என்றார் புள்ளியார் சோர்வாக. கொத்தனார் செருப்பைக் கழற்றினார்.

அந்த மாதத்தின் கடைசி நாள், காலை ஒன்பது மணி. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வாளி குளியலறைக்குத் திரும்பியிருந்தது. சொட்டுச் சத்தம் இல்லாத வீட்டில் ஒரு மனிதருக்குச் சிந்திக்க நிறைய இடம் கிடைக்கிறது. புள்ளியார் கோப்புகளை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தார். அன்றைய துக்கத்தில் பணம் கொடுக்காமலே விட்டுவிட்ட பன்னிரண்டாம் ரசீது மேலாகக் கிடந்தது. கோப்பதற்குமுன் தொகையைப் பார்த்தார்.

"இங்க வாயேன். உங்க ஸ்டுடியோவுல தப்புப் போட்டிருக்கீங்க."

"என்ன தப்பு?"

"எப்பவும் இருநூறு. இதுல எண்பதுதான் இருக்கு. எனக்கு யார் பணமும் வேண்டாம். சரியாப் போடச் சொல்லு."

"அது சரியாத்தான் இருக்கு."

"அப்போ பழசெல்லாம் தப்பா?"

"பழசும் சரிதான்."

இரண்டு தொகையும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? புள்ளியார் கோப்பைப் பிரித்தார். தாம் முறையாகப் பணம் செலுத்தி, முறையாகக் கோத்து, முறையாகப் படிக்காமல் விட்ட பதினொரு ரசீதுகளையும் முதன்முறையாகப் படித்தார். எல்லாவற்றிலும் இரண்டு வரிகள் இருந்தன. பெரிதாக்கம் ஒன்று, எண்பது. முகத் திருத்தம் ஒன்று, நூற்றிருபது.

"முகத் திருத்தமா? யார் முகம்?"

"கொண்டைக்காரி முகம்தான்."

"அவ முகத்துல என்ன திருத்தினே?"

"கீறல் போட்டேன்."

புள்ளியார் கூரையைப் பார்த்தார். பேச்சை மாற்ற ஒரு சொட்டாவது விழும் என்று எதிர்பார்த்தார் போலும். கொத்தனார் நன்றாக வேலை செய்திருந்தார்; ஒன்றும் விழவில்லை.

"பதினொண்ணுக்கும்?"

"முதல் கீறல் போட ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்கப் போச்சு. அவ்வளவு கஷ்டப்பட்டுப் போட்டதை வீணாக்குவானேன்னு அப்புறம் அதையே எடுத்து எடுத்து ஒட்டினேன். நீங்க அளவுகோல் வெச்சு அளப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"அந்தப் பன்னிரண்டாவது?"

"அதை நான் தொடவே இல்ல. அதான் எண்பது. அதைத்தானே வாங்குங்க வாங்குங்கன்னு அடிச்சுக்கிட்டேன்?"

புள்ளியார் கோப்பை மூடினார்.

"கட்டின புருஷனை ஏமாத்தியிருக்கே."

"ஏமாத்துறவ ரசீதுல எழுதிக் கொடுப்பாளா? பதினோரு தடவை எழுதி, கையெழுத்துப் போட்டு, உங்க கையிலயே கொடுத்தேன். படிக்கிறதுதானே உங்க தொழில், படிப்பீங்கன்னு நினைச்சேன்." மனைவி குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்த் திரும்பினார். "உங்க நாணயத்துல வேணும்னா கீறல் இருக்கலாம். என் நாணயத்துல கிடையாது."

கணக்கு இவ்வாறு முடிந்தது. கொத்தனாருக்கு அந்த ஞாயிறு மாலை ஏழு மணிக்குப் பதினைந்தாயிரமும், பத்தாம் நாள் வேலை முடிந்ததும் இருபத்துமூவாயிரமும் புள்ளியார் கொடுத்தார். கொண்டைக்காரியின் கன்னத்தில் பதினொரு முறை கீறல் போட்டதற்கான ஆயிரத்து முந்நூற்றிருபதை அவர் ஓர் ஆண்டுக்குள், ஒருநாளும் தவணை தவறாமல், ரொக்கமாகச் செலுத்தியிருந்தார். பன்னிரண்டாம் ரசீதுக்குரிய எண்பதை அன்று காலை ஒன்பதரை மணிக்கு மேசையில் வைத்தார். வைப்பதற்குமுன் அந்த ரசீதை இரண்டு முறை முழுமையாகப் படித்தார். 'பெரிதாக்கம்' என்ற சொல்லில் கடைசி எழுத்துக்குப் புள்ளி இல்லாததைக் கண்டு, சிவப்பு மையால் அதை இட்டார். அந்தத் திருத்தத்துக்கு மட்டும் யாரும் எதுவும் கொடுக்கவில்லை.